முதுகுக்குப் பின்னால் நிற்கும் வரிசை

போன வாரம் ஒரு மருத்துவமனையில் டோக்கன் எடுக்க நின்றேன். முன்பெல்லாம் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் ஒருவர் உட்கார்ந்து பெயரைக் கேட்டுச் சீட்டு எழுதிக் கொடுப்பார். இப்போது அந்த இடத்தில் ஆளுயரத்துக்கு ஒரு தொடுதிரை இயந்திரம் நிற்கிறது. எனக்கு முன்னால் எழுபது வயதிருக்கும் ஓர் அம்மா. திரையில் 'புதிய நோயாளி', 'ஏற்கெனவே பதிவு செய்தவர்' என்று இரண்டு பெட்டிகள். அந்த அம்மா இரண்டாவதைச் சுட்டுவிரல் நகத்தால் தட்டினார். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி தட்டினார். அப்புறம் காலிங் பெல்லை அழுத்துவதுபோல அழுத்திப் பிடித்தார். அதற்கும் அசையவில்லை. வரிசையில் யாரோ 'உச்' கொட்டினார்கள். அவ்வளவுதான். "நீங்க எடுத்துக்கங்க தம்பி, எனக்கு இதெல்லாம் சரிப்படாது" என்று ஒதுங்கிவிட்டார்.

அவர்மேல் ஒரு தப்பும் இல்லை. இந்த வகைத் திரை அழுத்தத்தை உணர்வதே கிடையாது. கண்ணாடிக்கு அடியில் இருக்கும் மெல்லிய மின்புலத்தை நம் தோல் கொஞ்சம் கலைக்கிறது, அதைத்தான் அது 'தொடுதல்' என்று எடுத்துக்கொள்கிறது. நகம் அந்த வேலையைச் செய்யாது. காய்த்துப்போன, வறண்ட விரல்நுனியும் பல நேரம் செய்யாது. காலமெல்லாம் பாத்திரம் தேய்த்த கைக்கு அந்தக் கண்ணாடி பதில் சொல்லவில்லை என்றால், அது கையின் குற்றமா? ஆனால் குற்றவாளி மாதிரி விலகிப் போனது அந்த அம்மாதான்.

எனக்கு உறைத்தது அந்த 'உச்'தான். இந்த இயந்திரங்களை வடிவமைக்கிறவர்கள் ஏசி அறையில், நிதானமாக, தனியாக நின்று சோதித்துப் பார்க்கிறார்கள் என்று நினைக்கிறேன். எந்தப் பெட்டி எங்கே இருக்க வேண்டும், என்ன நிறம், எத்தனை திரை என்று எல்லாம் பார்ப்பார்கள். பின்னால் எட்டுப் பேர் நின்று கழுத்தில் மூச்சு விட்டுக்கொண்டிருப்பதை மட்டும் யாரும் சோதிப்பதில்லை. வீட்டில் போனில் இதே வேலையைச் சாவகாசமாக முடிக்கிறவர்கூட அங்கே நின்றால் தடுமாறுவார். எழுத்து புரியாததால் இல்லை, முதுகு கூசுவதால்.

போதாக்குறைக்கு அந்த நேரக்கெடு வேறு. கண்ணாடியைப் பையிலிருந்து தேடி எடுத்து மாட்டுவதற்குள் 'நீங்கள் இன்னும் இருக்கிறீர்களா?' என்று ஒரு பெட்டி குதிக்கும். 10, 9, 8... எங்கே போகப் போகிறோம், உன் முன்னால்தானே நிற்கிறோம்! பதில் சொல்லத் தவறினால் முதல் திரை, முதல் கேள்வி, மறுபடி மொழித் தேர்வு. பாதியில் விட்டுப்போனவரின் விவரம் அடுத்தவர் கண்ணில் படக்கூடாது என்பதற்காக அந்த நேரக்கெடு இருக்கிறது, அதில் நியாயம் உண்டு. ஆனால் அந்த நொடிக்கணக்கைத் தீர்மானித்தவர் மூக்குக்கண்ணாடி போடாதவர் என்று பந்தயம் கட்டுவேன். இதையெல்லாம் தாண்டி ஆறாவது திரைக்கு வந்தால் 'தாள் தீர்ந்துவிட்டது, உதவியாளரை அணுகவும்'. ஐயா, தாள் இல்லை என்று முதல் திரையிலேயே உனக்குத் தெரியுமே!

இது புதுத் தொழில்நுட்பம், போகப்போகச் சரியாகும் என்று சிலர் சொல்வார்கள். புதுசெல்லாம் இல்லை. 1977-லேயே அமெரிக்காவின் இலினாய் பல்கலைக்கழகத்தில் ஒரு மாணவர் பிளேட்டோ என்ற கணினி அமைப்பை வைத்துத் தொடுதிரை கியோஸ்க் (இந்த மாதிரி சுயசேவை இயந்திரம்) ஒன்றை உருவாக்கி, பேருந்து நேரமும் வரைபடமும் பார்க்க வைத்துவிட்டார். கிட்டத்தட்ட அரை நூற்றாண்டு ஆகிறது.

சரி, நான் இயந்திரத்துக்கே எதிரியா? இல்லை. திக்குவாய் உள்ள ஒரு நண்பன் எனக்கு உண்டு. கவுன்ட்டரில் பெயர் சொல்ல அவன் படும் பாட்டைப் பார்த்திருக்கிறேன். கியோஸ்க் வந்த பிறகு அவன் நிம்மதியாக இருக்கிறான். காது கேளாதவர்களுக்கு, அந்த ஊர் மொழி தெரியாதவர்களுக்கு, எரிந்து விழும் கவுன்ட்டர்காரருக்குப் பயப்படுகிறவர்களுக்கு இது பெரிய விடுதலை. என் சண்டை இயந்திரம் வந்ததற்கு இல்லை. அது வந்த அன்றே பக்கத்துக் கவுன்ட்டரை மூடுகிறார்களே, அதற்குத்தான்.

ஏனென்றால் கவுன்ட்டர் மூடினால் வேலை ஒழிந்துபோவதில்லை, கைதான் மாறுகிறது. கடையில் சம்பளத்துக்கு ஒருவர் செய்த பார்கோடு ஸ்கேனை இப்போது நாம் சும்மா செய்கிறோம். நாமே பில் போடும் அந்த இயந்திரத்துக்கு, அதன் தராசின்மேல் பையை வைத்த விதம் பிடிக்கவில்லை என்றால் அது சிவப்பு விளக்குப் போட்டு ஆளைக் கூப்பிடும், சுற்றி இருப்பவர்கள் நம்மைத் திருடனைப் பார்ப்பதுபோல் பார்ப்பார்கள். இங்கிலாந்தின் வடக்கில் பூத்ஸ் என்ற சூப்பர் மார்க்கெட் நிறுவனம் 2023 நவம்பரில், இரண்டு கடைகளைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் இந்தச் சுய பில் இயந்திரங்களை எடுத்துவிடுவதாக அறிவித்தது. மெதுவாக இருக்கிறது, நம்ப முடியவில்லை, மனிதத் தொடர்பே இல்லை என்று வாடிக்கையாளர்கள் சொன்னார்களாம். கேட்டார்களே, அதுவே பெரிய விஷயம்.

அப்புறம் சும்மா காட்டிக்கொண்டு மட்டும் இருக்கும் திரைகள். வணிக வளாகத்தில் எந்தக் கடை எந்த மாடியில் என்று பார்க்கப் போனால் அதில் வாசனைத் திரவியம் ஓடும், கார் ஓடும், ஒரு நடிகை சிரிப்பார். நமக்கு வேண்டிய பக்கம் வந்து, கண் அந்த வரியைத் தேடிப் பிடிப்பதற்குள் போய்விடும். திரும்ப வாசனைத் திரவியம். அச்சடித்து ஒட்டிய பலகை ஒருபோதும் இப்படி நழுவி ஓடியதில்லை. பழைய ரயில் நிலையங்களில் சின்னச் சின்னத் தகடுகள் படபடவென்று புரண்டு நேரம் மாறும் பலகைகள் இருந்தன, இத்தாலியின் சொலாரி நிறுவனம் செய்தவை. அந்தச் சத்தம் கேட்டதும் மொத்தக் கூட்டமும் தலை நிமிரும். தூங்கி வழிகிறவரும் எழுந்துவிடுவார். இப்போதைய திரை சத்தமில்லாமல் மாறுகிறது, நாம்தான் கண் கொட்டாமல் காவல் இருக்க வேண்டும்.

நாம் அதைப் பார்க்கும்போது அது நம்மைப் பார்ப்பது தனிக்கதை. கனடாவில் 12 வணிக வளாகங்களில் வழிகாட்டித் திரைகளுக்குள் கேமரா வைத்து, வந்தவர்களின் வயதையும் பாலினத்தையும் கணித்திருந்தார்கள். சுமார் 50 லட்சம் முகப்படங்கள், யாரிடமும் முறையான ஒப்புதல் வாங்காமல். அந்த நாட்டின் தனியுரிமை ஆணையர்கள் 2020 அக்டோபரில் இதை வெளியிட்டார்கள். எனக்கு இதில் கோபத்தைவிட வியப்புதான் அதிகம். முன்னால் நிற்பவருக்கு என்ன வயது என்று கணிக்கத் தெரிந்த பெட்டிக்கு, வயதானவர் நிற்கிறார், எழுத்தைப் பெரிதாக்குவோம், இன்னும் இருபது நொடி கூடக் கொடுப்போம் என்று மட்டும் ஏன் தோன்றவில்லை?

சட்டம் இல்லாமல் இல்லை. ஏடிஏ என்ற அமெரிக்க மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் விதிகளின்படி கை எட்ட வேண்டிய உயரம் தரையிலிருந்து 15 முதல் 48 அங்குலத்துக்குள். சக்கர நாற்காலியில் இருப்பவரை மனதில் வைத்துப் போட்ட கணக்கு அது. ஐரோப்பிய ஒன்றியத்தின் அணுகல்தன்மைச் சட்டம் 2025 ஜூன் 28 முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. டிக்கெட் இயந்திரம், ஏடிஎம் போன்றவற்றைப் புதிதாக வைத்தால் மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தும்படி இருக்க வேண்டும். நல்ல சட்டம். ஆனால் ஏற்கெனவே வைத்தவற்றை அதிகபட்சம் 20 ஆண்டு வரை அப்படியே ஓட்ட நாடுகள் அனுமதிக்கலாம் என்றும் அதிலேயே இருக்கிறது. பார்வையில்லாதவர் அதுவரை யாரிடம் போய்த் தன் ரகசிய எண்ணைச் சொல்லி அழுத்தச் சொல்வார்?

எல்லாம் ஒரே நாளில் படுத்தால் என்ன ஆகும் என்று 2024 ஜூலை 19 அன்று பார்த்தோம். ஒரு பாதுகாப்பு மென்பொருளின் பிழையான அப்டேட், சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத் திரையோடு நின்றன. பெல்ஃபாஸ்ட் சர்வதேச விமான நிலையத்தில் ஒரு வெள்ளைப் பலகையைக் கொண்டுவந்து வைத்து, மார்க்கரால் விமானங்களின் விவரத்தை எழுதினார்கள். அன்று எழுத ஓர் ஆள் இருந்தார்.

மருத்துவமனைக்கு வருகிறேன். நேற்று மறுபடி போக வேண்டியிருந்தது. இயந்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, அதில் சீருடை போட்ட ஒரு பெண். வருகிறவர்களிடம் பெயரைக் கேட்கிறார், எண்ணைக் கேட்கிறார், அவரே திரையில் தட்டிச் சீட்டைக் கிழித்துக் கொடுக்கிறார். வரிசை சரசரவென்று நகர்ந்தது. "எப்போதிலிருந்து இங்கே உட்காருகிறீர்கள்?" என்று கேட்டேன். "நாலு நாளா சார். முன்னாடி அந்தக் கண்ணாடிக்குப் பின்னால நான்தான் இருந்தேன்" என்றார்.