தொடரும் என்று போட்டால் தூங்கப் போகலாம்

நேற்று இரவு 11.20க்கு என் போனுக்கு ஒரு பரிசு வந்தது. ஒரு மணி நேரத்துக்கு எத்தனை உயிர் போனாலும் பரவாயில்லை, ஆடிக்கொண்டே இரு என்று. எந்த விளையாட்டு என்று பெயர் சொல்ல மாட்டேன். மூன்று மூன்றாகச் சேர்த்து உடைக்கும் வகை. நீங்களும் அதைத்தான் ஆடிக்கொண்டிருப்பீர்கள். காலையில் செங்கல்பட்டில் 6.10 ரயிலைப் பிடிக்க வேண்டிய மனிதனுக்கு நள்ளிரவு நெருங்கும்போது யாராவது இப்படிப் பரிசு கொடுப்பார்களா? கொடுத்தார்கள். நானும் வாங்கிக்கொண்டேன். 12.20க்குத்தான் போனைக் கவிழ்த்து வைத்தேன்.

ரயிலில் அரைத் தூக்கத்தில் யோசித்ததுதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். தாம்பரம் தாண்டியும் முடியாது.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் கேமர் இல்லை. கேமர் என்றால் என் அக்கா மகன். கலர் கலராக எரியும் கீபோர்டு, முதுகை விட உயரமான நாற்காலி, காதை மூடும் ஹெட்செட் எல்லாம் வைத்திருப்பான். நான் பேப்பர் படித்து முடித்துவிட்டு ஆடுகிறவன், குக்கர் மூன்று விசில் வருவதற்குள் ஆடுகிறவன். எனக்கு 43 வயது. ஒரு விளையாட்டில் எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அது முடிய வேண்டும். நான் ஜெயிக்கிறேனோ தோற்கிறேனோ, அது இரண்டாவது விஷயம்.

எனக்கு இது நோக்கியா 1100 காலத்தில் வந்த பழக்கம். 2003இல் வெளிவந்த போன். தலையில் டார்ச், ரப்பர் கீபேட், கீழே விழுந்தால் தரைதான் உடையும். உலகம் முழுக்க 25 கோடிக்கு மேல் விற்றது. அதில் பாம்பு விளையாட்டு இருந்தது. அந்தப் பாம்பைப் போனுக்குள் முதலில் விட்டவர் பின்லாந்தைச் சேர்ந்த டனேலி அர்மாண்டோ. 1997இல், நோக்கியா 6110இல். அவர் என்ன நினைத்துச் செய்தாரோ, அதில் ஒரு நேர்மை இருந்தது. தின்னத் தின்ன பாம்பு நீளும். நீள நீளத் திரும்ப இடமிருக்காது. கடைசியில் தன் வாலையே முட்டிச் செத்துப்போகும். நன்றாக ஆட ஆட முடிவு நெருங்கும். ஐந்து நிமிடத்தில் ஆட்டம் ஓவர், போன் பாக்கெட்டுக்குள். சார்ஜ் நாலு நாள் நிற்கும் என்பதைச் சொன்னால் அக்கா மகன் நான் புளுகுகிறேன் என்கிறான்.

(அந்த நோக்கியாவுக்கு நம்ம ஸ்ரீபெரும்புதூரிலேயே ஆலை இருந்தது. 2006இல் உற்பத்தி தொடங்கி 2014 நவம்பரில் மூடினார்கள். இப்போது அதே ஊரில் ஐபோன் பூட்டுகிறார்கள். எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் அம்மா அதில் வேலை பார்த்தார், மகள் இதில் பார்க்கிறாள். அது தனிப் பதிவுக்கான விஷயம்.)

பாம்புக்கும் முந்தையது திருவிழாக் கடையில் வாங்கிய பிரிக் கேம். மேலே 9999 விளையாட்டு என்று எழுதியிருக்கும். உள்ளே ஏழோ எட்டோ இருக்கும், மற்றதெல்லாம் அதே விளையாட்டு வேகம் மாறி வரும். ஆனாலும் எங்கள் தெருவில் அதை வைத்திருந்தவன்தான் ராஜா. கட்டைகள் மேலிருந்து விழும் அந்த டெட்ரிஸ் முடிவே இல்லாத விளையாட்டு, மனிதன்தான் களைத்து விழுவான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். 2023 டிசம்பரில் அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் ஒரு 13 வயதுப் பையன் அதை முடித்தே விட்டான். 1989இல் வந்த பழைய நிண்டெண்டோ டெட்ரிஸ் அது. 157ஆவது லெவலில் விளையாட்டு அப்படியே உறைந்து நின்றது. பையன் நாற்காலியில் சாய்ந்து மூச்சு வாங்குகிற வீடியோவை நான் நாலைந்து தடவை பார்த்திருப்பேன். 34 வருடம் கழித்து மனிதன் ஜெயித்தான் என்று எல்லோரும் எழுதினார்கள். எனக்கோ, அப்பாடா, அதுக்கும் ஒரு முடிவு இருந்திருக்கிறதே என்று தோன்றியது.

அப்புறம் 2012 வந்தது. கேண்டி கிரஷ். அந்த ஏப்ரலில் இதே முகநூலில்தான் முதலில் வந்தது, நவம்பரில் போனுக்கு வந்தது. 2013இல் இங்கே இருந்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். பள்ளிக்கூடம் விட்டு இருபது வருடம் பேசாத நண்பன் திடீரென்று வருவான். நலம் விசாரிக்கத்தான் வந்திருக்கிறான் என்று திறந்து பார்த்தால் உயிர் கேட்டு வந்திருப்பான். ஐந்து உயிர். போனால் ஒன்று திரும்ப வர அரை மணி நேரம். ஐந்தும் நிரம்ப இரண்டரை மணி நேரம். காத்திருக்க முடியாதவன் காசு கொடுக்கலாம், அல்லது நண்பர்களிடம் கையேந்தலாம்.

மூன்றாவதாக ஒரு வழியும் இருந்தது. போனில் தேதியை ஒரு நாள் முன்னால் தள்ளி வைத்தால் விளையாட்டு ஏமாந்து ஐந்து உயிரையும் கொடுத்துவிடும். ஒரு ஞாயிறு இரவு அப்படித் தள்ளி வைத்தேன், நேரமும் சேர்ந்து மாறிவிட்டது, திருப்பி வைக்க மறந்து தூங்கிவிட்டேன். அலாரம் எந்த ஊர்க் கணக்கிலோ அடித்திருக்கிறது. ஆபீசுக்கு 11 மணிக்குப் போய், மேனேஜரிடம் வயிற்று வலி என்றேன். அவருடைய லெவல் என்னுடையதைவிட நாற்பது கூட. நம்பியது போல் தலையாட்டினார்.

இன்று நினைத்துப் பார்த்தால் அந்த ஐந்து உயிர்க் கணக்கு எனக்குப் பிடித்தே இருக்கிறது. காசு பண்ணுவதற்காக இறக்கிய ஷட்டர்தான், ஆனால் எனக்கு அது கடை மூடிவிட்டது, வீட்டுக்குப் போ என்று சொன்னது. ஐந்து தோல்வி, அவ்வளவுதான். நேற்று இரவு வந்தது போன்ற பரிசுதான் அந்த ஷட்டரையும் தூக்கிவிடுகிறது. லெவல் ஆயிரக்கணக்கில் போய்க்கொண்டே இருக்கிறது, புதிது புதிதாகச் சேர்த்துக்கொண்டே இருக்கிறார்கள். விருத்தாசலத்தில் இருக்கும் என் அம்மா 2,400 தாண்டிவிட்டார். கண்புரை ஆபரேஷன் முடிந்து கட்டுப் பிரித்ததும் அவர் முதலில் கேட்டது போனைத்தான். என்னைப் பார்த்தது அதற்கப்புறம்.

முடிவில்லாத ஆட்டத்தைச் செய்துவிட்டு, செய்தவரே பயந்துபோன கதையும் உண்டு. வியட்நாமைச் சேர்ந்த டாங் நுயென் 2013இல் ஃபிளாப்பி பேர்டு என்று ஒன்றை விட்டார். ஒரு குருவி, பச்சைக் குழாய்கள், தட்டினால் பறக்கும், முட்டினால் விழும். 2014 தொடக்கத்தில் உலகமே அதைப் பிடித்துக்கொண்டு திரிந்தது. பிப்ரவரியில் அவரே கடையிலிருந்து எடுத்துவிட்டார். சும்மா இருக்கும்போது சில நிமிடம் ஆடத்தான் செய்தேன், ஆட்களை அடிமையாக்கும் பொருளாகிவிட்டது என்ற பொருளில் ஒரு பேட்டியில் சொன்னார். நன்றாகக் கல்லா கட்டிக்கொண்டிருந்த நேரத்தில் எடுத்தார். இந்தத் தொழிலில் அப்படி ஒரு ஆளை நான் வேறு பார்த்ததில்லை.

பப்ஜியைப் பற்றிச் சொல்லாமல் போனால் அக்கா மகன் கோபித்துக்கொள்வான். 2020 பொதுமுடக்கத்தில் அவன்தான் என்னை அந்தத் தீவில் பாராசூட்டோடு தள்ளிவிட்டான். நூறு பேர் இறங்குவார்கள், வட்டம் சுருங்கிக்கொண்டே வரும், வெளியே நின்றால் சாவு. அரை மணி நேரத்துக்குள் யாராவது ஒரு குழுதான் மிஞ்சும். என் கணக்குப்படி மிக நேர்மையான ஏற்பாடு, வட்டமே முடித்து வைத்துவிடுகிறது. குறை வேறு இடத்தில். பாதியில் நிறுத்த முடியாது. வாசலில் சிலிண்டர் வந்து நின்றபோது நான் ஒரு மாடி வீட்டுக்குள் ஒளிந்திருந்தேன். போனை மேஜையில் வைத்துவிட்டுப் போய்த் திரும்பினால் நான் இல்லை, ஒரு பெட்டிதான் இருந்தது. “மாமா, உங்களால நாங்க மூணு பேரும் செத்தோம்” என்றான். செப்டம்பர் 2ஆம் தேதி அரசாங்கம் 118 செயலிகளைத் தடை செய்தபோது அதில் பப்ஜியும் போனது. அவன் அன்றைக்குச் சாப்பிடவில்லை. நான் நிம்மதியாகச் சாப்பிட்டேன். அடுத்த வருடம் ஜூலையில் வேறு பெயரில் வந்தது, 18 வயதுக்குக் கீழே என்றால் ஒரு நாளைக்கு மூன்று மணி நேரம்தான் என்ற கட்டுப்பாட்டோடு. அவன் எங்கள் அத்தானின் நம்பரில் ஆடினான்.

விளம்பரங்களை நான் திட்டப் போவதில்லை, எல்லோரும் திட்டியாயிற்று. ஒன்று மட்டும். ஊசியை இழுத்து ராஜாவைத் தண்ணீரிலிருந்து காப்பாற்றும் விளம்பரம் வருமே, அதைப் பார்த்து இறக்கினால் உள்ளே வேறு ஏதோ விளையாட்டு இருக்கும். 2020இல் பிரிட்டனின் விளம்பரக் கண்காணிப்பு அமைப்பே இப்படிப்பட்ட இரண்டு விளம்பரங்களை ஏமாற்று என்று சொல்லி நிறுத்தச் சொன்னது. பிரிக் கேம் அட்டையில் 9999 என்று எழுதியவன் எவ்வளவோ தேவலை. அவன் கொடுத்த எட்டு விளையாட்டாவது உண்மையான எட்டு.

போன் விஷயத்துக்கு வருகிறேன். போன வருடம் கேமிங்குக்கென்றே செய்த போன் ஒன்றைக் கையில் திணிக்கப் பார்த்தார்கள். திரை நொடிக்கு 120 தடவை புதுப்பிக்குமாம். மிட்டாய் உடைப்பதற்கு எதற்கு 120? பழைய போனையே எடுத்துக்கொண்டு ரிச்சி தெருவுக்குப் போய் பேட்டரியை மாற்றினேன். கடைக்காரர் உப்பியிருந்த பழைய பேட்டரியைக் காட்டி, “சார்ஜ் போட்டுக்கிட்டே ஆடுவீங்களா சார்?” என்று கேட்டார். டாக்டரிடம் மாட்டிக்கொண்டது போல் இருந்தது. ஆடுகிற சூடும் ஏறுகிற சூடும் சேர்ந்தால் லித்தியம் பேட்டரி சீக்கிரம் கிழடாகிவிடும் என்றார். இப்போது 80 சதவீதத்தில் சார்ஜை நிறுத்தும்படி வைத்திருக்கிறேன். பேட்டரிக்குப் போதும் என்று சொல்ல ஒரு பட்டன் இருக்கிறது பாருங்கள்.

தொடர்களிலும் எனக்கு இதே சிக்கல்தான். எங்கள் வீட்டில் கோலங்கள் ஓடியது 2003இலிருந்து 2009 வரை, 1,500 பகுதிக்கும் மேல். கேலி செய்திருக்கிறேன். இன்று அதன் மேல் ஒரு மரியாதை வந்திருக்கிறது. ஆறு வருடம் ஓடினாலும் தினம் அரை மணி நேரம்தான் ஓடியது. யாராவது ஒருவர் கதவைத் திறந்து அதிர்ச்சியில் நிற்பார், மூன்று தடவை முகத்தைக் காட்டுவார்கள், “தொடரும்” என்று எழுத்து வரும். அம்மா எழுந்து பாலுக்கு உறை ஊற்றுவார். அப்பா பால்கனி விளக்கை அணைப்பார். நாங்கள் பாயை விரிப்போம். வீட்டையே தூங்க வைத்த எழுத்து அது. இப்போது ஓடிடியில் பகுதி முடிந்து பெயர்கள் ஓட ஆரம்பித்ததுமே அடுத்த பகுதிக்கு எண்ணிக்கை ஓடுகிறது. அமைப்புகளுக்குள் போய் அதை அணைக்கலாம். அணைத்துவிட்டேன். இருந்தாலும் விரல் தானாகப் போய்த் தட்டுகிறது, அதற்கு என்ன அமைப்பு?

அதனால் நான் தேடிப் பார்ப்பதெல்லாம் எண்ணிக்கை குறைந்தவை. செர்னோபில் ஐந்தே பகுதி. 1986இல் நடந்த அணு உலை விபத்தை அவ்வளவு பெரிய சோகமாகக் காட்டிவிட்டு, ஐந்தாவதில் ஒரு நீதிமன்ற அறையில் வைத்து விபத்து எப்படி நடந்தது என்று சிவப்பு, நீலப் பலகைகளைச் செருகி விளக்குவார்கள். பி.காம். படித்த எனக்கே உலை புரிந்தது. சுழல் முதல் பருவம் எட்டுப் பகுதி. மயானக் கொள்ளைத் திருவிழாவின் நாட்களோடு கதையைக் கட்டியதால், திருவிழா முடியும்போது கதையும் முடிந்தாக வேண்டும் என்று ஒரு நெருக்கடி அதற்குள்ளேயே இருந்தது. ஊர்த் திருவிழாவைப் பாட்டுக்கும் சண்டைக்கும் மட்டும் வைக்காமல் கதைக்குக் கடிகாரமாக வைத்தது எனக்கு ரொம்பப் பிடித்தது.

விளையாட்டில் இப்படி எண்ணி வைத்துக் கொடுத்தது என்றால் மான்யுமென்ட் வேலி. 2014இல் லண்டனில் செய்தது. ஐடா என்ற குட்டி இளவரசி, ஏறினால் இறங்கும் படிக்கட்டுகள், திருப்பினால் சேரும் பாலங்கள். மொத்தமே பத்து நிலை. இரண்டு ரயில் பயணத்தில் முடித்துவிட்டேன். காசு கொடுத்து வாங்கியது இவ்வளவு சீக்கிரம் முடிந்துவிட்டதே என்று அப்போது பலர் குறைப்பட்டார்கள். பலாப்பழத்தைத் தூக்கிப் பார்த்து வாங்குவது போல விளையாட்டையும் எடை போட்டு வாங்குகிறோம் போல. எனக்கு அது முடிந்த இடம் இன்னும் ஞாபகம் இருக்கிறது, குரோம்பேட்டை. போனை வைத்துவிட்டு எழும்பூர் வரை ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டு போனேன்.

இவ்வளவு பேசிவிட்டு ஒன்றை மறைக்கக் கூடாது. ஆர்கேன் என்று ஒரு அனிமேஷன் தொடர். லீக் ஆஃப் லெஜண்ட்ஸ் விளையாட்டின் உலகத்திலிருந்து எடுத்தது, பாரிசில் வரைந்தது. அந்த விளையாட்டை நான் ஒரு நாளும் ஆடியதில்லை, ஆனால் வை, பவுடர் என்ற அந்த அக்கா தங்கை கதை என்னைச் சாய்த்துவிட்டது. இரண்டே பருவம், தலா ஒன்பது பகுதி, 2021இலும் 2024இலும். மொத்தம் பதினெட்டு, அதோடு முடித்துவிட்டார்கள். என் கொள்கைப்படி அது தங்கம். நான் பதினேழு பார்த்திருக்கிறேன். பதினெட்டாவதை ஆறு மாதமாகத் தொடவில்லை. ஞாயிறு தோறும் திறக்கிறேன், படத்தைப் பார்க்கிறேன், மூடிவிடுகிறேன்.

கமெண்டில் யாராவது முடிவைச் சொன்னால் நட்பிலிருந்து நீக்கிவிடுவேன். உயிர் கேட்டு வந்தால்கூடக் கொடுக்க மாட்டேன்.