மாத்திரை விலை இறங்கிவிட்டது, டோஸ் ஏறவில்லை

"பெரியப்பாவுக்குச் சர்க்கரையே இல்லையே, எதுக்குச் சர்க்கரை மாத்திரை எழுதியிருக்காங்க?" பெரியப்பாவுக்கு இருப்பது இதயச் செயலிழப்பு, அதாவது இதயம் ரத்தத்தைச் சரியாகப் பம்ப் செய்யாத நோய். எங்கள் குடும்ப வாட்ஸப் குழுவில் இப்படி ஒரு கேள்வி வந்தது. சித்தப்பா ஒருவர் மருந்துக் கம்பெனிகளின் சதி என்று தீர்ப்பே எழுதிவிட்டார்.

சதி இல்லை. 2007இல் ரோசிகிளிட்டசோன் என்ற சர்க்கரை மருந்து மாரடைப்பைக் கூட்டுகிறதோ என்று சந்தேகம் கிளம்பியது. அடுத்த வருடமே அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, புதிதாக வரும் சர்க்கரை மருந்துகள் இதயத்தைக் கெடுக்காது என்று காட்டச் சொன்னது. அதற்காக நடந்த சோதனை ஒன்றின் முடிவு 2015இல் வந்தது. எம்பாகிளிஃப்ளோசின் என்ற சர்க்கரை மருந்து இதயத்தைக் கெடுக்கவில்லை. இதயச் செயலிழப்பால் ஆஸ்பத்திரியில் சேர்வதையே 35 சதவீதம் குறைத்தது. அப்புறம் 2019இல் அதே வகை மருந்தான டாபாகிளிஃப்ளோசினை, இதயத்தின் பம்பிங் குறைந்த 4,744 பேரிடம் சோதித்தார்கள். அவர்களில் பாதிப் பேருக்கு மேல் சர்க்கரை இல்லாதவர்கள். அவர்களுக்கும் அதே பலன்.

அந்தச் சோதனையைப் பற்றிச் செய்திகளில் '26 சதவீதம் குறைந்தது' என்று வரும். அந்த மாத்திரை எடுக்காதவர்களில், ஒன்றரை வருடத்தில் நூற்றில் 21 பேருக்கு நோய் முற்றியது அல்லது இதயத்தால் மரணம் வந்தது. மாத்திரை எடுத்தவர்களில் அது 16 பேர். எனக்கு இந்தக் கணக்குதான் நேர்மையானதாகப் படுகிறது. மாயமந்திரம் இல்லை, ஆனால் சின்ன விஷயமும் இல்லை.

விலையும் தடையாக இல்லை. 2025 மார்ச்சில் எம்பாகிளிஃப்ளோசின் காப்புரிமை இங்கே முடிந்ததும், 60 ரூபாய் அளவில் இருந்த மாத்திரை 10 ரூபாய்க்கும் கீழே கிடைக்க ஆரம்பித்தது.

பிறகு எங்கே இடிக்கிறது? என்னைக் கேட்டால், டிஸ்சார்ஜுக்கு அடுத்த ஆறு வாரங்களில்.

2022இல் வந்த ஸ்ட்ராங்-ஹெச்எஃப் ஆய்வைப் பற்றி யாரும் ஃபார்வர்டு அனுப்பவில்லை. அதில் புது மருந்தே கிடையாது, அதனாலோ என்னவோ. இதயச் செயலிழப்புக்கு இருக்கிற பழைய மாத்திரைகளையே, டிஸ்சார்ஜ் ஆன இரண்டே வாரத்தில் முழு டோஸுக்குக் கொண்டுபோனார்கள். அடிக்கடி வரவழைத்து பிபி, பொட்டாசியம், கிட்னி எல்லாம் பார்த்தார்கள். ஆறு மாதத்தில் மறுபடி அட்மிட் ஆனவர்கள் அல்லது இறந்தவர்கள், வழக்கமான முறையில் 23 சதவீதம். இந்த முறையில் 15. பலன் தெளிவாகத் தெரிந்ததால் ஆய்வையே பாதியில் நிறுத்தினார்கள்.

இங்கே பெங்களூரில் பெரியப்பா கதையைக் கேளுங்கள். ஆஸ்பத்திரியில் கால் வீக்கம் வற்றியது, மூச்சு சரியானது, வீட்டுக்கு அனுப்பினார்கள். எல்லாம் ஆரம்ப டோஸ். சீட்டில் ஒரு மாதம் கழித்து வரச் சொல்லி ஒரு வரி. நடுவில் யாரும் போன் செய்யவில்லை. அவரோ, அடிக்கடி சிறுநீர் போக வைக்கிற நீர் மாத்திரையைப் பாதி நாள் விட்டுவிடுவார். ஸ்ரீராம்புரத்திலிருந்து மெஜஸ்டிக் போய் இன்னொரு பஸ் பிடித்து வேலைக்குப் போகிற மனுஷன், சில்க் போர்டு டிராஃபிக்கில் எங்கே இறங்கி ஒதுங்குவார்? அந்த மாத்திரையைச் சாயங்காலம் நாலு மணிக்கு மாற்றலாமா என்று கேட்டிருந்தாலே போதும். கேட்கலாம் என்று அவருக்குத் தெரியாது, சொல்ல அவர்களுக்கு நேரமில்லை.

இது ஒரு வீட்டுப் பிரச்சினை இல்லை. இந்தியாவில் 53 ஆஸ்பத்திரிகளில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளைப் பதிவு செய்த தேசிய இதயச் செயலிழப்புப் பதிவேட்டில், சராசரி வயதே 60தான். 90 நாளுக்குள் 14 சதவீதம் பேர் இறந்திருக்கிறார்கள். பம்பிங் குறைந்தவர்களில் பாதிப் பேருக்குக்கூட வழிகாட்டுதல்படி மருந்து போய்ச் சேரவில்லை.

2021இல் கன்னட நடிகர் புனீத் ராஜ்குமார் 46 வயதில் மாரடைப்பால் இறந்தபோது பெங்களூரு ஜெயதேவா இதய ஆஸ்பத்திரி வாசலில் செக்கப்புக்குத் திரண்ட கூட்டம் ஞாபகம் இருக்கலாம். பயத்தில் எக்கோ என்ற இதய ஸ்கேன் எடுக்க வரிசை நிற்கிறது. டிஸ்சார்ஜ் ஆனவருக்கு ஒரு வாரத்தில் ரத்தப் பரிசோதனை செய்ய ஏற்பாடு இல்லை.

ஆகவே ஒவ்வொரு இதய வார்டிலும் தமிழும் கன்னடமும் பேசுகிற ஒரு நர்ஸ் வேண்டும். டிஸ்சார்ஜ் ஆன ஏழாம் நாள் போன் செய்து இன்றைய எடை என்ன, உடம்பில் நீர் சேர்ந்து மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறியதா, எந்த மாத்திரையை விட்டீர்கள், ஏன் விட்டீர்கள் என்று கேட்கட்டும். புதுக் கட்டடம் திறக்கிற செலவில் இப்படி எத்தனை நர்ஸுகளுக்குச் சம்பளம் கொடுக்கலாம் என்று ஆஸ்பத்திரி நடத்துகிறவர்கள் யாராவது இங்கே இருந்தால் கணக்குப் போட்டுச் சொல்லுங்கள்.