தேசியப் பெருக்கியை டெல்டாவுக்கு அப்படியே போடக் கூடாது

தேசிய உள்ளீடு-வெளியீட்டு அட்டவணை என்பது எந்தத் துறை எந்தத் துறையிடம் எவ்வளவு வாங்குகிறது என்ற நாட்டுக் கணக்கு. ஒரு பொருளுக்கு ஒரு ரூபாய் தேவை கூடினால் எல்லாத் துறைகளிலும் சேர்த்து எவ்வளவு உற்பத்தி கூடும் என்று அதிலிருந்து எடுக்கும் எண்தான் பெருக்கி. ஒருவர் அதிலிருந்து நெல்லின் பெருக்கியை எடுத்து, குறுவைச் சாகுபடிக்குச் செலவிடும் பணமெல்லாம் காவிரி டெல்டாவுக்குள்ளேயே பெருகி மக்கள் வருமானமாகிறது என்கிறார். அது சரியில்லை.

முதலில், அந்தப் பெருக்கி காட்டுவது மொத்த உற்பத்தி மதிப்பு, வருமானம் அல்ல. விதையின் மதிப்பும் உரத்தின் மதிப்பும் அதில் திரும்பத் திரும்பக் கூட்டப்படும்.

அதைவிடப் பெரிய தவறு எல்லையில். நாட்டுக்குள் எந்த ஊரில் வாங்கினாலும் தேசிய அட்டவணைக்கு ஒன்றுதான். டெல்டாவுக்கு அப்படியா? யூரியாவும் டீசலும் வெளியிலிருந்து வருகின்றன. அறுவடை இயந்திரம் பல ஊர்களுக்குச் சேலம் பக்கத்திலிருந்து வருகிறது. வாடகையும் அங்கேயே போகிறது. கொள்முதல் நிலையத்தில் போட்ட நெல்லில் ஒரு பகுதி நீடாமங்கலத்தில் சரக்கு ரயிலேறி வெளிமாவட்ட ஆலைகளில் அரிசியாகிறது. அரைவைக்கூலி, தவிடு, உமி எல்லாம் அந்த ஊருக்குத்தான். இந்தக் கசிவைக் கழிக்காமல் டெல்டா செழிக்கிறது என்று சொல்வது இங்குள்ள விவசாயிக்குச் செய்யும் அநியாயம்.

அப்புறம், தண்ணீர் நிற்கும் நெல்வயலிலிருந்து வெளிவரும் மீத்தேன் என்ற புவியைச் சூடாக்கும் வாயு. அதை மட்டும் முழுக்க டெல்டாவின் பெயரில் எழுதிவிடுகிறோம். இந்த அட்டவணை முறையை உருவாக்கிய பொருளியலாளர் லியோன்டிஃப் 1970-லேயே மாசையும் அதற்குள் கொண்டுவந்தார். அந்த வழியில் போனால், அரிசியை உண்ணும் ஊரின் கணக்கிலும் அந்த மீத்தேனை எழுதிப் பார்க்க முடியும்.