ரம்ஸ்ஃபெல்ட் – சதாம் கைகுலுக்கல்: அது 2002 படம் அல்ல

ஈராக் அதிபராக இருந்த சதாம் உசேனும் அமெரிக்காவின் டொனால்ட் ரம்ஸ்ஃபெல்டும் கைகுலுக்கும் படம் ஒன்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. "அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சர் ஈராக் போருக்குச் சில மாதம் முன்பு, 2002-ல் பாக்தாத் போனபோது எடுத்தது" என்று கீழே எழுதியிருக்கிறது. படம் உண்மை. தேதி தவறு, பதவியும் தவறு.

இந்தச் சந்திப்பு நடந்தது 1983 டிசம்பர் 20 அன்று. ஈரான் - ஈராக் போர் நடந்துகொண்டிருந்த காலம். ரம்ஸ்ஃபெல்ட் அப்போது அமைச்சரே இல்லை. ஒரு மருந்து நிறுவனத்தை நடத்திக்கொண்டே, அதிபர் ரீகனின் மத்திய கிழக்குச் சிறப்புத் தூதராகப் போனார். படத்தை நன்றாகப் பாருங்கள்: 2002-ல் அவருக்கு வயது எழுபது. இதில் இருப்பவர் ஐம்பதைத் தாண்டிய மனிதர்.

குழப்பம் வரக் காரணமும் உண்டு. ரம்ஸ்ஃபெல்ட் இரண்டு முறை பாதுகாப்பு அமைச்சராக இருந்தார். 1975 முதல் 1977 வரை அதிபர் ஃபோர்டிடம். 43 வயதில் பதவியேற்ற அவர்தான் அதுவரை இல்லாத இளம் பாதுகாப்பு அமைச்சர். அப்புறம் 2001 முதல் 2006 வரை அதிபர் இளைய புஷ்ஷிடம். பாக்தாத் பயணம் இந்த இரண்டுக்கும் நடுவே நடந்தது.

அமெரிக்கா அன்று சதாமோடு நெருங்கியதை விமர்சிக்க நியாயமான காரணங்கள் இருக்கின்றன. ஆனால் தேதியை மாற்றினால் அந்த விமர்சனமே பலவீனமாகிவிடும். சந்திப்பு பற்றிய அமெரிக்க அரசின் ஆவணங்கள் ஜார்ஜ் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் தேசியப் பாதுகாப்பு ஆவணக் காப்பக இணையதளத்தில் இருக்கின்றன, யாரும் படிக்கலாம். தயவுசெய்து அந்தச் செய்தியை இனி யாருக்கும் அனுப்பாதீர்கள். ஏற்கெனவே அனுப்பியிருந்தால், அதே குழுவில் சரியான தேதியைப் போட்டுவிடுங்கள்.