விளக்கமறியல் என்றால் தீர்ப்பா?

இனியும் பொறுக்க முடியாது. திருகோணமலையில் ஒருவரை விளக்கமறியலில், அதாவது வழக்கு முடியுமுன்பே சிறைக்காவலில், வைத்தார்கள் என்று கேள்விப்பட்ட உடனே ஊர் தீர்ப்பு எழுதிவிடுகிறது. மீன் சந்தையில் அதே கதை. உவர்மலை பஸ்ஸில் அதே கதை. பத்திரகாளி அம்மன் கோயில் வாசலில் செருப்பைக் கழற்றும்போதும் அதே கதை. "நெருப்பில்லாமல் புகையுமா?" என்று ஒரு கேள்வி வேறு! வழக்கை இன்னும் விசாரிக்கவே இல்லை. அதற்குள் எங்கே ஐயா கண்டீர்கள் நெருப்பை?

விளக்கமறியல் தண்டனை இல்லை. பிணை கொடுப்பதுதான் விதி, மறுப்பது விதிவிலக்கு என்று 1997ஆம் ஆண்டின் பிணைச் சட்டமே சொல்கிறது. இருந்தும் நாட்டுச் சிறைகளில் தண்டனை பெற்றவர்களைவிட தீர்ப்புக்குக் காத்திருப்பவர்கள்தான் அதிகம். தண்டனை பெற்றவர்களிலும் எத்தனையோ பேர் தண்டப்பணம் கட்ட வழியில்லாமல் உள்ளே போனவர்கள். வறுமைக்கும் மறியலா? தற்காலிகம் என்று 1979இல் கொண்டுவந்த பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் ஆண்டுக்கணக்காக அடைபட்டுக் கடைசியில் குற்றமில்லை என்று வெளியே வந்தவர்களை நமக்குத் தெரியாதா?

இப்படி அடைபட்டவர்களின் வீட்டுப் பெண்களை நினைத்தால் வயிறு எரிகிறது. விடியப்புறமே அனுராதபுரத்துக்கும் கொழும்புக்கும் பஸ் பிடித்து, வரிசையில் நின்று, கொஞ்ச நேரம் முகம் பார்த்துவிட்டு வருகிறார்கள். இங்கே வந்தால் வாடகை வீட்டுக்காரர் முகம் கொடுப்பதில்லை. மகளுக்குப் பேசிய சம்பந்தம் நின்றுபோகிறது. பள்ளிக்கூடத்தில் 'மறியல்காரன் மகன்' என்கிறார்கள். அந்தப் பிள்ளை என்ன குற்றம் செய்தது? சரி, விடுதலையாகி வந்தால் வாய் மூடுகிறதா? "காசு கொடுத்து வந்திருப்பான்" என்கிறார்கள்!