ஓடினால் போதும், மாத்திரை வேண்டாமா?

"ஊரடங்கில் கல்லூரி மாணவர்களுக்கு மனச்சோர்வு வந்ததே உடற்பயிற்சி செய்யாததால்தான்; தினமும் ஓடினால் மாத்திரையே வேண்டாம்" என்று ஒரு செய்தி பரவுகிறது. இது தவறு.

கொரோனாவின் முதல் ஆண்டில் உலகெங்கும் மனச்சோர்வும் பதற்றமும் சுமார் 25% கூடியதாக உலக சுகாதார நிறுவனம் 2022இல் சொன்னது. தனிமை, நோய் பயம், இழப்பு, பணக்கவலை என்று காரணங்கள் பல. உடற்பயிற்சி செய்த மாணவர்களிடம் மனச்சோர்வு குறைவாக இருந்ததாக ஆய்வுகளில் தெரிந்தது உண்மைதான். ஆனால் அந்த ஆய்வுகளில் பல, பயிற்சியையும் மனச்சோர்வையும் ஒரே நேரத்தில், ஒரே ஒரு முறை கேட்டுப் பதிந்த கணக்கெடுப்புகள். எது காரணம், எது விளைவு என்று அவற்றால் சொல்ல முடியாது. மனச்சோர்வில் இருப்பவருக்கு எழுந்து பல் துலக்குவதே பெரும்பாடு. அவரைச் சோம்பேறி என்பது கொடுமை.

சரி, பயிற்சி வீணா? இல்லவே இல்லை. லேசான, மிதமான மனச்சோர்வுக்கு வேகநடைகூட நன்றாக உதவும். மாத்திரையை மட்டும் மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள். தலைசுற்றலும் தூக்கக் கேடும் வரலாம், நோயே திரும்பவும் கூடும்.