இரண்டாம் மாடி, நாலாவது ஜன்னல்

மதுரைப் பக்கம் ஒரு பல்கலைக்கழக விடுதி. இரவு 2.20. வாசல் காவலறையில் முத்தையா, பிளாஸ்கில் மிச்சமிருக்கும் டீயோடு. (டீ என்று அவர்தான் சொல்கிறார்.) முதுகலை உளவியல் படிக்கும் பாலா படியிறங்கி வருகிறான். ஒரு கையில் செத்துப்போன போன், இன்னொரு கையில் காகிதக் கட்டு.

பாலா: அண்ணே, சி டைப் சார்ஜர் இருக்குமா? என் வயர் போய்விட்டது.

முத்தையா: இருக்கிறது. ஆனால் அது கம்பெனி போனுக்கு. மணிக்கொரு தடவை நான் விழித்திருக்கிற மாதிரி படம் எடுத்து குரூப்பில் போட வேண்டும். தவறினால் அரை நாள் சம்பளம் போச்சு.

பாலா: விழித்திருக்கிற மாதிரியா?

முத்தையா: ஒரு பேச்சுக்குச் சொன்னேன். சரி, மாட்டு. இரண்டாம் மாடி, நாலாவது ஜன்னல் நீதானே?

பாலா: எப்படித் தெரியும்?

முத்தையா: ராத்திரியில் எனக்கு டிவியே அதுதான். முதல் மாடிக்காரன் பரீட்சை வந்தால் மட்டும் ட்யூப்லைட் போடுவான். உன் ஜன்னலில் தினமும் நீலமாக ஒரு வெளிச்சம், போர்வைக்குள் மீன்தொட்டி வைத்த மாதிரி. நாலு மணி வரைக்கும் அணையாது. நான் விழித்திருந்தால் சம்பளம் தருகிறார்கள். உனக்கு யார் தருகிறார்கள்?

பாலா: (போனை மாட்டியபடி) ஆன் ஆக எவ்வளவு நேரம் ஆகும் அண்ணே?

முத்தையா: கம்பெனி கொடுத்த சார்ஜர். அரை மணி நேரம்.

பாலா: அரை மணி நேரமா! அதுவரை நான் என்ன செய்வது?

முத்தையா: இதே கேள்வியை நான் பதினோரு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். உட்கார்.

(பாலா உட்கார்ந்த வேகத்தில் தொடையைத் தடவிப் பார்க்கிறான்.)

முத்தையா: எறும்பா?

பாலா: வைப்ரேஷன் வந்த மாதிரி இருந்தது.

முத்தையா: போன் இதோ சுவரில் தொங்குகிறது.

பாலா: தெரியும். இல்லாத அதிர்வு இருக்கிற மாதிரித் தோன்றுவதற்கு உளவியலில் தனிப் பெயரே உண்டு. போன் இல்லாவிட்டால் வருகிற பயத்துக்குப் பெயர் நோமோஃபோபியா. 2008-ல் இங்கிலாந்தில் ஒரு சர்வேயின்போது வைத்தது.

முத்தையா: பிடித்த பேயின் பெயர் தெரிந்தால் பாதி ஓட்டிவிடலாம் என்பார்கள். உனக்கு அதன் ஜாதகமே தெரிகிறதே, எப்படி?

பாலா: என் புராஜெக்ட் அதுதான். 'கல்லூரி மாணவர்களின் ஸ்மார்ட்போன் பயன்பாடும் மனநலமும்'.

(முத்தையாவுக்குப் புரையேறுகிறது. அடங்கச் சிறிது நேரம் பிடிக்கிறது.)

பாலா: சிரிக்காதீர்கள் அண்ணே. 200 பேர் கூகுள் ஃபார்ம் நிரப்ப வேண்டும், 73-தான் வந்திருக்கிறது. லிங்க் அனுப்பி அனுப்பி, மொத்த விடுதியும் என்னை மியூட்டில் போட்டுவிட்டது. நாளெல்லாம் போனையே பார்க்கிறவர்கள், என் ஃபார்மை மட்டும் பார்க்க மாட்டேன் என்கிறார்கள். கேள்வியாவது புரிகிறதா என்று உங்களிடம் கேட்டுப் பார்க்கட்டுமா?

முத்தையா: கொடு இங்கே. நான் கேட்கிறேன், நீ சொல். (கண்ணாடியை மாட்டிக்கொண்டு) போனால் வேலை தள்ளிப்போனதுண்டா? ஒன்று முதல் ஐந்து.

பாலா: ஐந்து. இந்தப் புராஜெக்ட்டே இரண்டு மாதம் தள்ளிப்போய்விட்டது.

முத்தையா: நினைத்ததைவிட அதிக நேரம் பார்த்துவிடுகிறாயா?

பாலா: மணி பார்க்கத்தான் எடுப்பேன். முக்கால் மணி நேரம் கழித்துக் கீழே வைப்பேன். மணி மட்டும் பார்த்திருக்க மாட்டேன்.

முத்தையா: நடுவில் நிறுத்த முடியாதா?

பாலா: நிறுத்துவதற்கு இடம் வேண்டுமே. முன்பெல்லாம் பக்கத்தின் அடியில் 'அடுத்த பக்கம்' என்று இருக்கும். 2006-ல் ஏஸா ராஸ்கின் என்பவர் அடியே இல்லாத பக்கத்தை வடிவமைத்தார். தள்ளத் தள்ள வந்துகொண்டே இருக்கும். பிறகு அவரே அதற்காக வருத்தப்பட்டார்.

முத்தையா: பந்தியில் இலையை மடக்கவே விடாமல் பரிமாறுகிற கதை. சாப்பிடுகிறவன் எழுந்திருக்க வழியில்லை. ஆனால் அதில் அப்படி என்ன ருசி?

பாலா: பத்தில் ஒன்பது குப்பைதான். அந்தப் பத்தாவது எப்போது வரும் என்று தெரியாது பாருங்கள், அதுதான் விஷயம். ஸ்கின்னர் என்ற உளவியலாளர் பெட்டிக்குள் புறாவை வைத்துப் பார்த்தார். கொத்தினால் சில சமயம் தீனி விழும், சில சமயம் விழாது. புறா விடாமல் கொத்திக்கொண்டே இருந்தது.

முத்தையா: இதற்குப் புறா எதற்கு? எங்கள் மாமாவைக் கேட்டிருக்கலாம். சுரண்டல் லாட்டரி. எப்போதோ ஒரு தடவை ஐம்பது ரூபாய் விழுந்தது, அதற்காக ஒன்றரை ஏக்கரைச் சுரண்டினார். 2003-ல் அரசாங்கம் லாட்டரியைத் தடை செய்த பிறகும், நகம் சும்மா இல்லாமல் திண்ணையைச் சுரண்டிக்கொண்டிருப்பார். (பாலாவின் கட்டைவிரலைப் பார்க்கிறார். அது காகிதத்தின் மேல் தானாக மேலும் கீழும் போய்வருகிறது.)

பாலா: (கையை மடக்கிக்கொண்டு) 2017-ல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட ஆய்வில், போனை மேசையில் வைத்துக்கொண்டு பரீட்சை எழுதியவர்களைவிட, வேறு அறையில் வைத்துவிட்டு வந்தவர்கள் நன்றாகச் செய்தார்களாம். போன் அடிக்கக்கூட வேண்டாம், பக்கத்தில் சும்மா இருந்தாலே போதுமாம். பிறகு செய்த சில ஆய்வுகளில் அப்படி வரவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

முத்தையா: எங்கள் சூப்பர்வைசர் லீவு போட்ட அன்றைக்கு எனக்கும் மூளை பிரமாதமாக வேலை செய்யும். சரி, இத்தனை தெரிந்தவன் ஏன் இப்படி?

பாலா: இத்தனையும் தெரிந்துகொண்டதே போனில்தான் அண்ணே.

முத்தையா: கடைசிக் கேள்வி. 'போனை எடுக்காவிட்டால் மனதில் என்ன ஓடும்?' இதற்கு எண் இல்லை, வெறும் கோடு போட்டிருக்கிறாய்.

(பாலா ஒன்றும் சொல்லவில்லை. பின்கட்டில் நாய் ஒன்று குரைத்து, யாரும் பதில் சொல்லாததால் நிறுத்திக்கொள்கிறது.)

பாலா: இரண்டு அரியர் அண்ணே. வீட்டில் சொல்லவில்லை. படுத்தால் அப்பா முகம் வருகிறது. போனை எடுத்தால் எவனோ பூனைக்குக் குல்லாய் போடுகிறான். அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்வரை அப்பா வருவதில்லை.

முத்தையா: பூனை எத்தனை மணி வரைக்கும் தாங்கும்?

பாலா: நாலு மணி.

முத்தையா: ம். அதற்குக் கீழே ஏதோ நம்பர் போட்டிருக்கிறாயே, 14416?

பாலா: டெலி மானஸ். மனசு சரியில்லை என்றால் இலவசமாகப் பேசலாம். 2022-ல் மத்திய அரசு ஆரம்பித்தது. தமிழிலும் பேசுவார்கள், 24 மணி நேரமும்.

முத்தையா: நீ பேசினாயா?

பாலா: நான் ஆய்வாளர் அண்ணே.

முத்தையா: நம் மெஸ் மாஸ்டரும் இப்படித்தான். சமைப்பார், வெளியில் போய்ச் சாப்பிடுவார். ஆமாம், இந்த நேரத்துக்குமா எடுப்பார்கள்?

பாலா: எடுப்பார்கள்.

முத்தையா: அப்போ அங்கேயும் ஒரு ஆள் நைட் ஷிஃப்டில் உட்கார்ந்திருக்கிறார். பாவம், அவருக்கும் மணிக்கொரு படம் உண்டோ என்னவோ. (சட்டைப் பையிலிருந்து தன் பட்டன் போனை எடுத்து நீட்டுகிறார்) இதில் போடு. இதில் பூனை வராது.

பாலா: நாளைக்குப் பேசுகிறேன் அண்ணே.

முத்தையா: நாளை வந்து மூன்று மணி நேரம் ஆகிறது. ஐயோ, மூன்று மணி! படம்! என் கை நீளவில்லை, நீ எடு, சீக்கிரம்!

(பாலா எடுக்கிறான். அவசரத்தில் இருவர் முகமும் விழுந்துவிடுகின்றன. படம் போகிறது. அரை நிமிடத்தில் சூப்பர்வைசரின் குரல்பதிவு வருகிறது: "முத்தையா, பக்கத்தில் யார்? உங்களைவிட நன்றாக விழித்திருக்கிறாரே. பின்கேட்டுக்கு ராத்திரி ஆள் இல்லை, கேட்டுப் பாருங்கள்.")

முத்தையா: பார்த்தாயா, உன் விழிப்புக்கும் ஒரு விலை வந்துவிட்டது. என்ன சொல்லட்டும்?

பாலா: (பட்டன் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு) மணிக்கொரு படம் போட வேண்டுமா?

முத்தையா: பின்னே?

பாலா: அப்போ வேண்டாம் அண்ணே. அடிக்கடி போன் பார்க்கிற வேலை எனக்கு ஒத்துக்கொள்ளாது.